எடை கூடி வந்தவள்

இரவு பதினொன்று.
கடலின் விளிம்பில் சூரியன் இன்னும் உட்கார்ந்திருக்கிறது,
கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி.
வடக்கு நார்வேயில் ஜூன் அப்படித்தான்.

முதலுதவிக் கூடாரத்துக்குள்
குட்வெய்கைத் தாங்கி வருகிறார்கள்.
ஐம்பத்திரண்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
முதல் மாரத்தான்.
ஆறு மணி பத்து நிமிடம்,
கடைசிக்கு முந்தின ஆள்.

"தண்ணி குடுங்க, தண்ணி!"
விழுந்தவர் யாரானாலும்
கூட்டத்துக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.
அவள் தம்பி ஐலிஃப்
அதற்குள் மூடியைத் திருகிவிட்டான்.

நான் கையைக் குறுக்கே நீட்டினேன்.
பொறு.

உதடு வெடிக்கவில்லை.
நாக்கில் ஈரம் இருந்தது.
கிள்ளிப் பார்த்த தோல் உடனே படிந்தது.
முகம் மட்டும் உப்பியிருந்தது,
உப்பே இல்லாமல்.
மோதிரம் விரலுக்குள் புதைந்து
இரண்டு பக்கமும் சதை கரை கட்டியிருந்தது.
தலை வலிக்கிறது என்றாள்.
வாந்தி எடுத்தாள்: தெளிந்த நீர்,
அருவியில் பிடித்தது போல.

"இது என்ன மாசம், குட்வெய்க்?"
வெகுநேரம் யோசித்தாள்.
"பசங்க ஸ்டாப்புல நிக்கிறாங்க" என்றாள்.

நெஞ்சில் குத்தியிருந்த எண்ணட்டையைத் திருப்பினேன்.
பின்புறம் என் பென்சில் எழுத்து,
புறப்படும்போது எடுத்த எடை:
அறுபத்தெட்டு.
தராசில் ஏற்றினோம்.
எழுபது புள்ளி இரண்டு.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியவள்
எடை கூடி வந்திருக்கிறாள்.

ஐலிஃப் சைக்கிளில் கூடவே வந்திருக்கிறான்.
"மூணு கிலோமீட்டருக்கு ஒரு பாட்டில்.
வேண்டாம்னா. விடாம குடுத்தேன்.
அப்படித்தானே எல்லாரும் சொல்றாங்க?"

விரல் நுனியில் ஒரு துளி.
கருவி கொஞ்சம் முனகிவிட்டு எண்ணைக் காட்டியது.
சோடியம் நூற்று இருபத்தொன்று.
நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே
இறங்கக் கூடாத படி அது.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
தண்ணீரையே தின்றவள்
எங்கே போவாள்?

ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால்
நீர் உள்ளே ஒதுங்க இடம் தேடும்.
கால் வீங்கலாம், கை வீங்கலாம்,
தோல் விட்டுக்கொடுக்கும்.
மூளையைச் சுற்றியிருப்பது எலும்பு.
அது யாருக்கும் நகர்ந்து இடம் தராது.

புதிதாகச் சேர்ந்த மாக்னே
வழக்கமான பெரிய சலைன் பையை மாட்டப்போனான்.
அது வேண்டாம். அந்தச் சின்னது.
மூன்று சதவீதம், நூறு மில்லி, பத்து நிமிடம்.
கணக்குப் போட்டால் மூன்று கிராம் உப்பு,
அரைத் தேக்கரண்டி.
ஒரு பெண் திரும்பி வர
அவ்வளவு போதுமா என்று
ஒவ்வொரு சொட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போதவில்லை.
இன்னொரு பை.

அது பாதி இறங்கியபோது, யாரும் கேட்காமலே,
"ஜூன்" என்றாள்.
பிறகு கொஞ்சம் எரிச்சலோடு,
"ஜூன்தானே, வேற என்ன?"

ஆம்புலன்ஸ் போனபின்
ஐலிஃப் புல்லில் உட்கார்ந்திருந்தான்,
மூடி திறந்த பாட்டிலோடு.
"அப்போ நான்தானா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.
சொன்னது வேறு:
மெதுவாக ஓடுகிறவருக்குக்
குடிக்க நேரம் அதிகம்.
குளிரில் வேர்வையும் குறைவு.
அவளே கேட்டால் கொடு.
கேட்காவிட்டால் மணியை அடித்துக்கொண்டு கூடப் போ.
நடுவில் ஒரு தடவை
மோதிரம் சுழல்கிறதா என்று பார்.

அவன் தலையாட்டவில்லை.
எழுந்து போய்
முப்பதாவது கிலோமீட்டர் பலகையைப் பிடுங்கி வந்தான்.
நாங்கள் வைத்த பலகை.
என் கையெழுத்து.
தாகம் வருமுன் குடியுங்கள்.

மணி இரண்டு. நல்ல வெயில்.
மாக்னே எங்கிருந்தோ வெள்ளை பெயின்ட் கொண்டுவந்தான்.
'வருமுன்' என்பதை அழித்து
'வந்தால்' என்று எழுதினேன்.

ஈரக் காற்று.
காய நேரமாகும் என்றான் மாக்னே.
மூவரும் காத்திருந்தோம்.